சாவி யாரிடம் இருக்கிறது?

2010ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. 15ஆம் நூற்றாண்டு ஃபிளாரன்ஸின் ஓட்டுக்கூரைகள் மீது தாவி ஓடிக்கொண்டிருக்க வேண்டிய பலர், அன்று கணினித் திரையின் முன் செய்வதறியாது அமர்ந்திருந்தார்கள். யூபிசாஃப்ட் என்னும் பிரெஞ்சு நிறுவனத்தின் ‘அசாசின்ஸ் க்ரீட் 2’ கணினிக்கு வந்து சில நாட்களே ஆகியிருந்தன. கடையில் பணம் கொடுத்து வாங்கியாயிற்று, வட்டு கையில் இருக்கிறது, கணினியும் பழுதில்லை. ஆனால் ஆட்டம் தொடங்க மறுத்தது. காரணம், அந்த ஆட்டம் தன்னை வாங்கியவரின் கணினியில் மட்டும் ஓடுவதற்காகச் செய்யப்பட்டதன்று. ஒவ்வொரு கணமும் எங்கோ இருக்கும் யூபிசாஃப்டின் வழங்கியோடு அது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அன்றைக்கு யாரோ அந்த வழங்கிகளைத் தாக்கி முடக்கியிருந்தார்கள். பல மணிநேரம் ஃபிளாரன்ஸின் கதவு திறக்கவில்லை.

ஆட்டக்காரர்களில் 95 விழுக்காட்டினருக்குப் பாதிப்பில்லை என்றது நிறுவனம். மீதிப் பேருக்கு அது ஆறுதலாக இருந்திருக்காது.

கணினி விளையாட்டில் ஈடுபாடில்லாத வாசகருக்கு ஒரு விளக்கம் தேவைப்படலாம். பலர் கூடி இணையத்தில் ஆடும் ஆட்டங்களுக்கு இணைப்பு வேண்டும் என்பது இயல்பு. எதிராளி இல்லாமல் சதுரங்கம் ஆட முடியாது. அசாசின்ஸ் க்ரீட் 2 அப்படிப்பட்டதல்ல. ஒருவர் தனியே அமர்ந்து, ஒரு நாவலைப் படிப்பதுபோல, எட்ஸியோ என்னும் இளைஞனின் பழிவாங்கும் கதைக்குள் செல்லும் ஆட்டம் அது. அதே மாதம் இதே பூட்டோடு வந்த ‘சைலன்ட் ஹண்டர் 5’, இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் தலைவனாக ஆட்டக்காரரை அட்லாண்டிக் பெருங்கடலின் அடியில் கொண்டுபோய் விடும். கடலுக்கடியில் தன்னந்தனியாக இருக்கும் மனிதனுக்கு இடையறாத இணைய இணைப்பு கட்டாயம் என்பதில் உள்ள நகைச்சுவை யாரையும் சிரிக்க வைக்கவில்லை.

இந்த எரிச்சலை வெறும் வசதிக் குறைவு பற்றிய புலம்பலாகவே பலரும் அப்போது எடுத்துக்கொண்டார்கள். இணையம் மேம்பட்டால் சரியாகிவிடும் என்றார்கள். இணையம் மேம்பட்டது; எரிச்சல் தீரவில்லை. ஏன் என்பதைப் புரிந்துகொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

*

நகலெடுப்பவர்களுக்கும் மென்பொருள் எழுதுபவர்களுக்கும் இடையிலான சண்டை, வீட்டுக் கணினியின் வயதேயானது. 1976 பிப்ரவரியில், இருபது வயது பில் கேட்ஸ் கணினி ஆர்வலர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். ஆல்டேர் என்னும் ஆரம்பகாலக் கணினிக்காகத் தன் குழு எழுதிய பேசிக் மொழியைக் காகித நாடாக்களில் படியெடுத்து ஆளாளுக்குப் பகிர்ந்துகொள்கிறார்கள், அந்தக் கணினியை வைத்திருப்பவர்களில் பத்து விழுக்காட்டினருக்கும் குறைவானவர்களே அதை வாங்கியிருக்கிறார்கள் என்பது அவரது முறையீடு. அது பொய்யான முறையீடு அல்ல. உழைத்தவனுக்குக் கூலி கிடைக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பிருக்க முடியாது.

அதைத் தொடர்ந்து பூட்டுகள் வந்தன. அவற்றுள் சில வேடிக்கையானவை. 1985 வாக்கில் ‘லென்ஸ்லாக்’ என்றொரு பிளாஸ்டிக் பட்டகம் ஆட்டத்தோடு பெட்டியில் வந்தது. திரையில் சிதைந்து தெரியும் எழுத்துகளை அதன் வழியே பார்த்துப் படித்துத் தட்டச்ச வேண்டும். தொலைக்காட்சிப் பெட்டி மிகப் பெரியதாகவோ சிறியதாகவோ இருந்தால் எழுத்து தெரியாது. ‘எலீட்’ என்னும் புகழ்பெற்ற ஆட்டத்தின் சில பெட்டிகளில் வேறு ஆட்டத்துக்குரிய பட்டகத்தைத் தவறுதலாக வைத்து அனுப்பிவிட்டார்கள். முறையாக வாங்கியவர்கள் வாசலிலேயே நின்றார்கள். 1990இல் வெளிவந்த ‘மங்கி ஐலண்ட்’ ஆட்டத்தோடு இரண்டு அட்டைச் சக்கரங்கள் வந்தன. அவற்றைச் சுழற்றி ஒரு கடற்கொள்ளையனின் முகத்தை மேல்பாதி, கீழ்பாதி பொருந்தச் செய்து, அவன் எந்த ஊரில் எந்த ஆண்டு தூக்கிலிடப்பட்டான் என்று பார்த்துச் சொன்னால் ஆட்டம் திறக்கும். பூட்டே ஒரு விளையாட்டாக இருந்தது.

இந்த வரிசையில் நான் முக்கியமாகக் கருதுவது ஒரு தாள். 1989இல் வில் ரைட் உருவாக்கிய ‘சிம்சிட்டி’ என்னும் நகரம் கட்டும் ஆட்டத்தோடு ஒரு சிவப்புத் தாள் வந்தது. உலக நகரங்கள் பற்றிய விவரங்கள் அதில் அச்சிடப்பட்டிருக்கும். ஆட்டம் இடையில் கேள்வி கேட்கும்; தாளைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். தாள் ஏன் சிவப்பு என்றால், அன்றைய நகல் இயந்திரத்தில் வைத்தால் கறுப்புத் தாளாகத்தான் வெளியே வரும். தந்திரமான பூட்டு. ஆயினும் அதன் சாவி வாங்கியவரின் மேசை இழுப்பறையில் இருந்தது. தாளைப் பத்திரப்படுத்திய ஒருவர், பழைய கணினி ஓடுமானால், இன்றைக்கும் அந்த நகரத்துக்குள் செல்லலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

பட்டகம், சக்கரம், சிவப்புத் தாள் மூன்றும் தொல்லைகள்தாம். ஆனால் விற்பனை முடிந்த கணத்தில் விற்றவர் விலகிக்கொண்டார். இந்த ஒன்று பிற்பாடு மாறியது.

*

மாற்றம் படிப்படியாக வந்தது. 2004 நவம்பரில் வெளிவந்த ‘ஹாஃப் லைஃப் 2’ ஆட்டத்தை, வட்டைக் கடையில் வாங்கியவர்களும்கூட, ஸ்டீம் என்னும் இணையச் சேவையில் ஒருமுறை பதிவு செய்த பிறகே ஆட முடிந்தது. முணுமுணுப்பு எழுந்தது; ஒருமுறைதானே என்று அடங்கிற்று. 2008இல் ‘மாஸ் எஃபெக்ட்’ ஆட்டம் பத்து நாட்களுக்கு ஒருமுறை தாய் நிறுவனத்தை அழைத்து அனுமதி பெறும் என்று அறிவிக்கப்பட்டது. எதிர்ப்பு வலுக்கவே, வெளியாகும் முன்பே அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது.

அதே ஆண்டு செப்டம்பரில் வில் ரைட்டின் ‘ஸ்போர்’ வந்தது. ஓருயிரி ஒன்று பரிணமித்து விண்வெளி நாகரிகமாக வளரும் கதை. பல ஆண்டுகளாக எதிர்பார்க்கப்பட்ட ஆட்டம். வாங்கியவர் அதை மூன்று முறை மட்டுமே நிறுவிச் செயலூட்டலாம். நான்காம் முறை நிறுவனத்தைக் கூப்பிட்டுக் காரணம் சொல்ல வேண்டும். அமேசான் தளத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒற்றை நட்சத்திரம் இட்டுத் தங்கள் கோபத்தைப் பதிந்தார்கள். வெளியீட்டாளரான எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் மூன்றை ஐந்தாக உயர்த்தியது. அந்த ஆண்டின் முடிவில், திருட்டுப் பிரதியாக மிக அதிகம் பதிவிறக்கப்பட்ட ஆட்டமும் ஸ்போர்தான் என்று அறிவித்தது இத்தகைய பகிர்வுகளைக் கவனித்து எழுதும் இணையதளம் ஒன்று. எண்ணிக்கை ஏறத்தாழ 17 லட்சம். திருடியவர் எத்தனை முறை வேண்டுமானாலும் நிறுவிக்கொள்ளலாம். வாங்கியவர்தான் எண்ணிக்கொண்டிருந்தார்.

இவ்விடத்தில் நிறுவனங்களின் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அதே 2008இல் ‘வேர்ல்ட் ஆஃப் கூ’ என்னும் அழகிய சிறு ஆட்டத்தை இரண்டே பேர் எந்தப் பூட்டும் இல்லாமல் வெளியிட்டார்கள். ஆடுபவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் காசு கொடுக்காதவர்கள் என்று பின்னர் அவர்களே கணக்கிட்டுச் சொன்னார்கள். நல்லெண்ணத்துக்குக் கிடைத்த பரிசு அது. 2012இல் யூபிசாஃப்டின் தலைவர் ஈவ் கியெமோ, கணினி ஆட்டங்களில் திருட்டு விகிதம் 93 முதல் 95 விழுக்காடு என்றார். அந்தக் கணக்கு எப்படிப் போடப்பட்டது என்று கேட்கலாம், அச்சம் பொய்யில்லை.

அந்த அச்சத்தின் உச்சம்தான் 2010இன் ‘எப்போதும் இணைப்பு’ ஏற்பாடு. பட்டகத்தைப் போலி செய்யலாம், சக்கரத்தைப் படியெடுக்கலாம், செயலூட்டலை ஏமாற்றலாம். ஆனால் ஆட்டத்தின் ஒரு துண்டை நிறுவனம் தன்னிடமே வைத்துக்கொண்டால்? அசாசின்ஸ் க்ரீட் 2 நகர்வதற்கு வேண்டிய சில தரவுகள் வட்டில் இல்லை. வழங்கியிலிருந்து அவ்வப்போது வந்தன. இதனால் பூட்டுடைப்பவர்கள் வழக்கத்தைவிட அதிகம் உழைக்க வேண்டியிருந்தது. ஆயினும் ஏப்ரல் மாதத்திலேயே முழுதும் உடைக்கப்பட்ட பிரதி இணையத்தில் உலவத் தொடங்கிவிட்டது. அதன் பிறகு நிலைமை விசித்திரமானது. திருட்டுப் பிரதி இரயிலிலும் ஓடிற்று, மலைக்கிராமத்திலும் ஓடிற்று, இணைப்பு அறுந்தாலும் ஓடிற்று. பணம் கொடுத்து வாங்கிய பிரதிதான் பலவீனமான பிரதி. 2012 பிப்ரவரியில் யூபிசாஃப்ட் தன் வழங்கிகளை வேறிடத்துக்கு மாற்றியபோது, தனியாக ஆடும் ஆட்டங்கள் சிலவும் அதுவரை மூடிக்கிடந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் நிறுவனம் இந்தக் கட்டாயத்தைக் கைவிட்டுவிட்டதாக ஒப்புக்கொண்டது.

கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. பூட்டு தன் பெயரை மாற்றிக்கொண்டது.

*

2012 மே 15ஆம் தேதி வெளியான ‘டயாப்ளோ 3’, முதல் 24 மணிநேரத்தில் 35 லட்சம் பிரதிகள் விற்றது. தனியாக ஆடினாலும் இணைப்பு வேண்டும். அன்றைக்கு உள்ளே நுழைய முயன்ற பெருந்திரளுக்கு ‘பிழை 37’ என்ற அறிவிப்பே கிடைத்தது. வழங்கிகள் நிரம்பிவிட்டன, பிறகு முயலவும் என்பது அதன் பொருள். பிளிசார்ட் நிறுவனம் இதைத் திருட்டுத் தடுப்பு என்று சொல்லவில்லை. ஆட்டத்துக்குள் பொருள்களை உண்மைப் பணத்துக்கு விற்கும் ஏலக்கூடம் ஒன்று இருந்தது. மோசடியைத் தடுக்க இணைப்பு தேவை என்றது. ஏலக்கூடம் 2014 மார்ச்சில் மூடப்பட்டது. இணைப்பு வேண்டும் என்ற கட்டாயம் கணினியில் தொடர்ந்தது. தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் கருவிகளுக்கு 2013இல் வந்த அதே ஆட்டமோ இணைப்பில்லாமலே ஓடியது.

பின்னர் 2013 மார்ச் மாதம். சிவப்புத் தாளோடு பிறந்த சிம்சிட்டி, 24 ஆண்டுகளுக்குப் பிறகு அதே பெயரில் புதிதாக வந்தது. தாள் இல்லை, வழங்கி இருந்தது. முதல் நாளிலிருந்தே வழங்கிகள் திணறின. கட்டிய நகரங்கள் சில காணாமற்போயின. சுமையைக் குறைக்க ஆட்டத்தின் மிகுவேக ஓட்டத்தையே நிறுவனம் நிறுத்தி வைத்தது. அமேசான் அதன் பதிவிறக்கப் பிரதி விற்பனையைச் சில காலம் நிறுத்தியது. வாங்கியவர்களுக்கு வேறோர் ஆட்டத்தை இலவசமாகத் தந்து எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் சமாதானம் தேடியது.

கோபத்தைக் கூட்டியது வேறொன்று. நகரத்தின் கணக்கீடுகளில் கணிசமான பகுதி வழங்கிகளில்தான் நடக்கிறது, ஆகவே இணைப்பில்லாமல் ஆட்டம் சாத்தியமில்லை என்று மாக்சிஸ் கூடத்தின் பொறுப்பாளர் லூசி பிராட்ஷா விளக்கினார். ஆட்டக்காரர்கள் இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டு ஆடிப் பார்த்தார்கள். ஏறத்தாழ 20 நிமிடங்கள் வரை நகரம் எந்தக் குறையுமின்றி இயங்கியது. போக்குவரத்து நடந்தது, வரி வசூலானது. பிறகுதான் ஆட்டம் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது. ஆர்வலர் ஒருவர் அந்தக் கால எல்லையை நீக்கிக் காட்டினார். இணைப்பில்லாத வடிவம் ஒன்றைச் செய்திருக்கலாம், ஆனால் எங்கள் பார்வைக்கு அது பொருந்தவில்லை என்ற விளக்கம் பின்னர் வந்தது. ஓராண்டு கழித்து, 2014 மார்ச்சில், இணைப்பின்றி ஆடும் வசதியை மாக்சிஸே வழங்கியது. அதற்கு அடுத்த ஆண்டு, அந்த ஆட்டத்தைச் செய்த எமரிவில் கூடம் மூடப்பட்டது. அந்த வசதி வராமல் இருந்திருந்தால் அந்த நகரங்களின் ஆயுள் ஒரு வழங்கியின் ஆயுளாகவே இருந்திருக்கும்.

*

இந்த விவகாரத்தின் வேர் கணினிக்கும் முந்தையது. அது புத்தகக் கடையில் இருக்கிறது. 1904இல் பாப்ஸ்-மெரில் என்னும் அமெரிக்கப் பதிப்பகம் ‘தி காஸ்ட்அவே’ என்றொரு நாவலை வெளியிட்டது. பதிப்புரிமை அறிவிப்புக்குக் கீழே, சில்லறை விலை ஒரு டாலர், அதற்குக் குறைத்து விற்க யாருக்கும் உரிமம் இல்லை, விற்றால் பதிப்புரிமை மீறல் என்று அச்சிட்டிருந்தது. நியூயார்க்கின் மேசிஸ் அங்காடி அதை 89 சென்ட்டுக்கு விற்றது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 1908இல் தீர்ப்பு வந்தது: ஒரு பிரதியை விற்றதோடு, அந்தப் பிரதியின் மீதான பதிப்பாளரின் விற்பனை அதிகாரம் முடிந்துவிடுகிறது. பக்கத்தில் எதை அச்சிட்டாலும் செல்லாது.

பழைய புத்தகக் கடைகளும் இரவல் கொடுத்து வாங்கும் நட்புகளும் இந்த எளிய எண்ணத்தின் மேல்தான் நிற்கின்றன. கதை ஆசிரியருடையது, பிரதி என்னுடையது. மென்பொருள் உலகம் இந்த எண்ணத்தைச் சுற்றிக்கொண்டு போக ஒரு வழி கண்டது. நாங்கள் பிரதியை விற்கவில்லை, பயன்படுத்த உரிமம் மட்டுமே தருகிறோம் என்றது. ஆட்டோகேட் மென்பொருளின் பழைய பிரதிகளை இணைய ஏலத்தில் விற்ற ஒருவரின் வழக்கில், அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று இந்த வாதத்தை ஏற்றுக்கொண்டது. ஆண்டு 2010, ஃபிளாரன்ஸின் கதவு மூடிக்கொண்ட அதே ஆண்டு. ஐரோப்பிய நீதிமன்றம் 2012இல் வேறு திசையில் சென்றது: காலவரையற்ற உரிமத்தைப் பணம் பெற்றுத் தந்தால் அது விற்பனையே, பதிவிறக்கப் பிரதிக்கும் இது பொருந்தும் என்றது.

இலக்கிய வாசகர்கள் இதை அயலார் வழக்கென்று ஒதுக்கிவிட முடியாது. 2009 ஜூலையில், விற்க உரிமையில்லாதவர் ஏற்றிய மின்பதிப்புகள் என்ற காரணத்தால், அமேசான் தன் வாடிக்கையாளர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து சில நூல்களைத் தொலைவிலிருந்தே நீக்கியது. நீக்கப்பட்டவற்றுள் ஜார்ஜ் ஆர்வெலின் ‘1984’ இருந்தது. பணம் திருப்பித் தரப்பட்டது, மன்னிப்பும் கேட்கப்பட்டது. ஆனால் வீட்டுக்குள் வந்து அலமாரியிலிருந்து ஒரு நூலை எடுத்துப்போகும் கை இருக்கிறது என்பது அன்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

*

அந்தக் கை ஓர் ஆட்டத்தை முழுதுமாக எடுத்துச்சென்றது 2024இல். 2014 டிசம்பரில் யூபிசாஃப்ட் வெளியிட்ட ‘தி க்ரூ’, சுருக்கி வரையப்பட்ட அமெரிக்கா முழுவதையும் காரில் சுற்றிவரச் செய்யும் ஆட்டம். கடற்கரையிலிருந்து கடற்கரைவரை யாருடனும் போட்டியிடாமல் தனியே ஓட்டிச் செல்லலாம். இணைப்பு மட்டும் எப்போதும் இருக்க வேண்டும். 2024 மார்ச் 31ஆம் தேதி வழங்கிகள் நிறுத்தப்பட்டன. அடுத்த சில நாட்களில், வாங்கியவர்களின் கணக்குகளிலிருந்து உரிமமும் விலக்கிக்கொள்ளப்பட்டது. வட்டு வைத்திருந்தவர்களிடம் வட்டு இருந்தது. அதில் சாலைகள் இல்லை.

இதையொட்டி ராஸ் ஸ்காட் என்னும் காணொளிப் படைப்பாளர் தொடங்கிய இயக்கம், ஆட்டங்களைக் காலவரையின்றி நடத்துங்கள் என்று கேட்கவில்லை. கைவிடும்போது, வாங்கியவர் தாமே ஆடிக்கொள்ளும் நிலையில் விட்டுச் செல்லுங்கள் என்றே கேட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிமக்கள் முன்முயற்சி என்ற முறைப்படி நடந்த கையெழுத்துச் சேகரிப்பு 2025 ஜூலையில் முடிந்தபோது 14 லட்சத்தைக் கடந்திருந்தது. கலிஃபோர்னியா 2024இல் ஒரு சட்டம் இயற்றியது: உரிமம் மட்டுமே தருபவர்கள், அதைத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்குக’ என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. சொல்லைத் திருத்தியாயிற்று. பொருளைத் திருத்துவது இன்னும் மிச்சமிருக்கிறது.

இழப்பு வாங்கியவரோடு நிற்பதில்லை. அமெரிக்காவில் வெளியான பழைய ஆட்டங்களில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்று 2023இல் விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை ஒன்று ஆய்ந்து சொன்னது. ஆயினும் அவற்றின் வட்டுகளும் நாடாக்களும் எங்காவது ஒரு பரணில் இருக்கக்கூடும்; தேடினால் கிடைக்கும். ஓலைச்சுவடிகளைப் பரண்களிலிருந்து மீட்ட மரபுக்கு உரியவர்கள் நாம். பரணில் கிடப்பதன் மதிப்பு நமக்குத் தெரியும். வழங்கியோடு கட்டப்பட்ட ஆட்டத்துக்குப் பரண் கிடையாது. செல்லரிக்கக்கூட அங்கே ஏடு இருக்காது.

தி க்ரூவின் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. மூடப்பட்ட பின்னர் ரசிகர்கள் சிலர், ஆட்டம் எந்த வழங்கியிடம் என்ன கேட்டது, என்ன பதில் பெற்றது என்பதை நுணுகி ஆராய்ந்து, தாங்களே ஒரு மாற்று வழங்கியை எழுதினார்கள். 2025 செப்டம்பரில் அந்தச் சாலைகள் மறுபடி திறந்தன. நாற்பது ஆண்டுகளாக எந்த ஆட்டக்காரர்களைச் சந்தேகித்துப் பூட்டுகள் செய்யப்பட்டனவோ, அவர்கள்தாம் கடைசியில் அந்த ஆட்டத்தைக் காப்பாற்றினார்கள். இனி அதை ஆடுபவர், தன் சிவப்புத் தாளைத் தானே எழுதிக்கொண்டவர்.